காத்திருப்புக் காசு

மணித்தியாலத்துக்கு ஐந்நூறு ரூபா,
வான் சும்மா நிண்டாலும்.
முதல் நாளே சொல்லிப்போட்டன்,
குருநகர்ச் சந்தியில வைச்சு, இரண்டு பேருக்கும்.

மூத்தவர் செபநேசன், பலெர்மோ.
இளையவர் எமில், நியூ ஜேர்சி.
பதினேழு வருசத்துக்குப் பிறகு
ஒரே ஓகஸ்டில ஒரே வீட்டில.
மூத்தவருக்கு ஐந்து கிழமை லீவு.
ஓகஸ்டில அங்கை பாதிக்கடை பூட்டாம்,
சனமெல்லாம் கடலுக்காம்.
இளையவருக்குப் பத்து நாள்.
அதில இரண்டு பிளேனிலயே போட்டுது எண்டு
வானில ஏறினவுடனே சொன்னார்,
பொக்கற்றில ஓட்டை விழுந்த மாதிரி.

எமிலின்ர நாளுகளில எனக்கு மூச்சு விட நேரமில்லை.
ஐந்தரைக்குக் கீரிமலை.
எட்டுக்குக் காங்கேசன்துறை.
பருத்தித்துறை வெளிச்சவீட்டை
வானுக்குள்ளை இருந்தே படம் எடுத்தார்.
போனில ஒரு பட்டியல்,
முடிய முடிய விரலால ஒரு சரி.
"மூண்டிலயிருந்து நாலு: ஓய்வு" எண்டும் ஒண்டு கிடந்தது.
அந்த ஒரு மணித்தியாலமும்
கசூரினாவில முழங்கால் தண்ணிக்குள்ளை நிண்டு
ஆருக்கோ மெயில் அடிச்சார்.
நாலுக்குச் சரி போட்டார்.

செபநேசன்ர நாளுகளில எஞ்சின் சூடேறாது.
பண்ணைப் பாலத்தடியில நிற்பாட்டச் சொல்லுவார்.
ஒரு பிளேன் ரீ. ஒரு கதிரை.
பிறகு ஆராவது வருவினம்.
வராட்டி, நான்.
இறால் விலையில தொடங்கி
ஆற்றையோ கலியாணத்தில சோறு முடிஞ்ச கதை மட்டும் போகும்.
வெயில் காலில பட்டால் கதிரையை நகர்த்துவார்.
அவ்வளவுதான் அண்டைய பயணம்.

"அங்கை எல்லாரும் இப்பிடியோ?" எண்டு கேட்டன்.
"சாப்பாட்டு மேசையில நாலு மணித்தியாலம் இருப்பாங்கள்.
நான் அதை எங்கை நிண்டு கண்டனான் எண்டு கேள்.
கோப்பை எடுக்கிறதுக்குச்
சுவரோடை நிண்டு கண்டனான்.
பதினொரு வருசம்."
கதிரையை இன்னொருக்கா நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாய் நெடுந்தீவு.
குறிகட்டுவானில நாங்கள் இறங்க
படகு முதுகைக் காட்டிக்கொண்டு போகுது.
பிழை ஆற்றை?
வேலணையில கணவாய் வாங்க இறங்கினவரின்ரயோ,
போன் காட்டின நேரத்தை நம்பினவரின்ரயோ.
அடுத்தது பின்னேரம்தானாம்.

எமில் ஜெற்றியில நடந்தார்,
அந்தத் தொங்கல் மட்டும், திரும்பி இந்தத் தொங்கல் மட்டும்.
அடி ஒவ்வொண்டையும் கைமணிக்கூடு எண்ணினது.
"நாலாயிரம்" எண்டார். முகத்தில கொஞ்சம் சந்தோசம்.
மூத்தவர் பொரிச்ச கணவாய்ப் பார்சலை
வான் படியில விரிச்சார்.
"டேய், வா."
"பசிக்கேல்லை."
"பசிக்கிறதுக்கோ கூப்பிடுறன்?"

எமில் வந்தார். இருந்தார். தின்றார்.
எண்ணெய் விரலால போனைத் தொட ஏலாமல்
என்னைப் பாத்துக் கேட்டார்,
"லீவு நாளில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"
வான் கழுவுறது எண்டால் அது வேலை எண்டுவார்.
இவை கடலைப் பாக்கேக்கை
நான் சீற்றைச் சரிச்சுப்போட்டு நித்திரை கொள்ளுறன்.
அதுக்குக் காசு வருது.
அதை எந்தப் பக்கத்தில எழுதுறது?
"தெரியாது" எண்டன்.
ஆருமே கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.
கணவாயும் முடிஞ்சுபோச்சு.

கணக்கு முடிக்கிற அண்டு கொப்பியை நீட்டினன்.
குறிகட்டுவான், காத்திருப்பு: மூண்டரை.
கணவாய் தின்ற நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதினனான்.
எமில் பாராமலே தன்ர பாதியைத் தந்துபோட்டு
கொழும்பு பஸ்ஸுக்கு ஓடினார்.

செபநேசன் கதிரை கொண்டுவந்தார்,
எனக்கும் ஒண்டு.
ரீ வந்தது.
மூண்டரையோ மூண்டோ,
கணவாய் ஆர் வாங்கினது,
என்ர மூத்தவள் ஏஎல்லுக்கு என்ன பாடம்,
பிறகும் மூண்டரையோ மூண்டோ.
எழும்பேக்கை இருட்டிப்போட்டுது.
இருநூற்றைம்பது ரூபா குறைச்சன்.

பேரம் பேசின அந்த இரண்டு மணித்தியாலத்துக்குக்
காத்திருப்புப் போடேல்லை.
போட நினைச்சனான்.